தலையெழுத்தன்று, படிக்கும் எழுத்து!

பிறப்பே ஒருவனுடைய உயர்வையும் தாழ்வையும் முடித்துவிடுகிறது என்று நெடுங்காலம் பிதற்றி வந்தோர், சாத்திரம் செல்லாக்காசாகிவிடவே, இன்று அறிவியற் போர்வை போர்த்து வருகின்றனர். “எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது, எழுதியதை மாற்ற இயலுமா?” என்பது அவர்தம் புதுப்பாட்டு. பழைய கள்ளுக்குப் புதிய மொந்தை! இவர்க்கு உயிரணுவே விடை கூறட்டும்.

டி.என்.ஏ. எனப்படும் மரபிழையில் உள்ளவை நான்கே எழுத்துகள். உயிரணு பிரியுமுன் இழையின் இரு புரிகளும் விலக, ஒவ்வொரு பழம்புரியையும் பார்த்து ஒரு புதுப்புரி பின்னப்படுகிறது. 1958-இல் மெசல்சனும் இசுட்டாலும் இதனை மெய்ப்பித்தனர். படியெடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்களும் உள. ஏடெழுதுவோர் பிழைகளால் இடர்ப்பட்ட புலவர் இச்செப்பத்தை வியப்பர்.

ஆயின், படியெடுத்தல் வேறு, படித்தல் வேறு. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. எனும் தூதிழையாகப் பெயர்க்கப்படுகிறது. அது மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்பட, இருபது வகை அமினோக் காடிகள் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. எப்பகுதியை எப்பொழுது படிப்பது? 1961-இல் பிரஞ்சு அறிஞர் சாகோபும் மோனோவும் குடல் நுண்ணுயிரில் இதற்கு விடை காட்டினர். பாற்சருக்கரை இல்லாதபொழுது அதனைச் செரிக்கும் புரதத்திற்குரிய பகுதி பூட்டுண்டு கிடக்கிறது. அதுவே உணவாக வந்ததும் பூட்டுத் திறக்கிறது. சூழல் கேட்கிறது, உயிரணு ஏட்டைப் புரட்டுகிறது!

1962-இல் ஆங்கில அறிஞர் கர்டன் வெளியிட்ட ஆய்வோ இன்னும் தெளிவானது. தலைப்பிரட்டையின் குடலணுக் கருவைக் கருவிழந்த தவளை முட்டையில் வைத்தார். சிலவற்றில் முழுத் தலைப்பிரட்டைகளே வளர்ந்தன. குடலணுவிலும் முழு நூலும் இருந்தது. படிக்கப்பட்ட பக்கங்களே வேறு.

ஓரெழுத்துப் பிறழ்வால் அரிவாளணுச் சோகை வருவது உண்மையே. அதைக் காட்டி, அறிவும் ஒழுக்கமும் ஓரெழுத்தில் அடங்கும் என்பது புரட்டு. எவ்விரு மாந்தர்க்கும் மரபெழுத்துகள் நூற்றுக்கு ஏறத்தாழ 99.9 பங்கு ஒத்திருக்க, எங்கே பிறவி மேன்மை?

பசித்த குழவிக்குப் பாலும் படிக்கும் சிறுவர்க்குப் பள்ளியும் மறுத்துவிட்டு, பழியை மரபணுவின்மேற் போடுவோர் அறிவியலார் அல்லர், பழைய ஏய்ப்பரே. ஏட்டைப் பூட்டி வைத்தவரே ‘இவனுக்கு எழுத்தில்லை’ என்பதோ? பூட்டை உடைமின்!