சாக்கடையில் இருக்கும் ஃபேஜ், நோயாளியின் கைக்கு வருவது ஏன் கஷ்டம்?

எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத தொற்றுக்கு 'ஃபேஜ்' வைரஸ்களைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி அடிபடுகிறது. ஃபேஜ்கள் பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருபவை. மனித செல்களைத் தாக்காது. ஆறு, குளம், சாக்கடை என பாக்டீரியா உள்ள இடமெல்லாம் இவையும் உண்டு. அப்புறம் என்ன, எடுத்துக் கொடுத்துட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். ஒரு ஃபேஜ், ஒரே பாக்டீரியா இனத்தில்கூட சில ரகங்களை மட்டும்தான் கொல்லும். ஒருவருக்குக் கேட்டது பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காமல் போகலாம்.

அமெரிக்காவின் சான் டியாகோ பேராசிரியர் டாம் பாட்டர்சனுக்கு நடந்ததைப் பார்த்தால் இது புரியும். 2015 இறுதியில் எகிப்து சுற்றுலாவில் நோயில் விழுந்தவரை 'அசினெட்டோபாக்டர் பௌமானி' பாக்டீரியா கோமா வரை தள்ளியது. அவருடைய மனைவி, தொற்றுநோயியல் நிபுணர் ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ, முன்பின் தெரியாத ஆய்வாளர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் டாமின் பாக்டீரியா மாதிரியை வாங்கிப் பொருத்தமான ஃபேஜ்களைத் தேடின. கிடைத்ததை அப்படியே ரத்தத்தில் ஏற்ற முடியாது. உடைந்த பாக்டீரியாவின் நச்சு அதில் கலந்திருக்கும். அதைச் சுத்திகரிக்க வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அவசர அனுமதியும் வேண்டும். 2016 மார்ச்சில் சிகிச்சை தொடங்கியது. சில நாட்களில் கண் விழித்தார். நடுவே பாக்டீரியா டேக்கா கொடுக்க, கடற்படை ஆய்வகம் கழிவுநீரிலிருந்து புதிய ஃபேஜ் ஒன்றைப் பிடித்துவந்தது. ஆகஸ்டில் வீடு திரும்பினார்.

ஒருவர் பிழைத்ததை வைத்து எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதைவிட, மனைவி விஞ்ஞானியாக இல்லாத குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்?

பலரும் போவது ஜார்ஜியா தலைநகர் டிபிலிசிக்கு. அங்குள்ள எலியாவா நிறுவனம் 1923-ல் தொடங்கப்பட்டது. சோவியத் காலத்திலும் ஃபேஜை விடாமல் பிடித்துக்கொண்டது. இந்தியாவிலிருந்தும் போய் சிகிச்சை பெற்றவர்கள் உண்டு. பெல்ஜியத்தில் டாக்டர் சீட்டு எழுதினால், குறிப்பிட்ட நோயாளிக்கென மருந்தகமே தயாரித்துத் தர வழி இருக்கிறது. அமெரிக்காவில் இன்னமும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும். மருந்து நிறுவனங்களுக்கும் பெரிய ஆர்வமில்லை. ஆளுக்கு ஆள் மாறும் சரக்கை, இயற்கையில் கிடைப்பதை, காப்புரிமை வாங்கி விற்பது எப்படி?

இதில் இந்தியா புதுசு இல்லை. கங்கை, யமுனை நீர் காலரா கிருமியைக் கொல்வதாக எர்னஸ்ட் ஹேன்கின் 1896-லேயே எழுதினார். அதற்குக் காரணம் ஃபேஜ்களாக இருக்கலாம் என்று பின்னாளில் கருதப்பட்டது.

எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது நோயாளியின் பாக்டீரியாவைத்தான். கல்ச்சர் டெஸ்ட் முடிந்ததும் அது பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடும். பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லி ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.