86-வது மாடியில் அம்மா

அமெரிக்கா போய் வந்தவர்களைக் கண்டால் நம் ஊரில் என்னவெல்லாம் கேட்கிறார்கள், தெரியுமா? "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பது முதல் கேள்வி. "குளிர் தாங்கிற்றா?" என்பது இரண்டாவது. மூன்றாவது, "அந்தப் பெரிய கட்டடத்தின் மேலே ஏறினீர்களா?" முதல் இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ரசம் சாதம், தாங்கவில்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் இந்த வாரப் பக்கம் முழுவதும் வேண்டியிருக்கிறது.

நியூயார்க் நகரத்தில் ஐந்தாவது அவென்யூவின் மேல், 33-வது தெருவுக்கும் 34-வது தெருவுக்கும் நடுவே நிற்கிறது எம்பயர் ஸ்டேட் கட்டடம். மொத்தம் 102 மாடி. கூரை வரை 1,250 அடி. உச்சந்தலையில் இருக்கும் கம்பத்தையும் சேர்த்தால் 1,454 அடி. 1931 முதல் ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் உலகத்திலேயே உயரமான கட்டடம் என்ற பட்டம் இதனிடம்தான் இருந்தது. இன்று அந்த ஊரிலேயே இதைவிட உயரமானவை பல எழும்பிவிட்டன. ஆனாலும் "பெரிய கட்டடம்" என்றால் ஜனங்கள் நினைப்பது இதைத்தான். பட்டம் போனாலும் பேர் போகவில்லை!

என் தம்பி நியூ ஜெர்ஸியில் இருக்கிறான். அவன் அழைத்தான் என்று போன வருஷம் அக்டோபரில் அம்மாவும் நானும் புறப்பட்டோம். அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவளுக்கு எழுபது வயது, கண்ணில் கிளாக்கோமா. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் வியாதி அது. சாதாரணமாக வலியும் இராது, சிவப்பும் இராது. ஓரத்துப் பார்வையைத்தான் முதலில் திருடும். ஆகையால் வெகு நாள் வரை திருட்டுப் போனதே தெரியாது. அம்மா நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வாள். எதிரே வைத்த சொம்பை உதைத்து உருட்டுவாள். "பார்த்து நடக்கக் கூடாதா, அம்மா?" என்று நான் அதட்டுவேன். டாக்டரிடம் போனபோது வலது கண் அநேகமாகப் போய்விட்டிருந்தது. இடது கண்ணில் நடுப் பார்வை மட்டும் மிச்சம். "போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். அடுப்பூதும் குழல் வழியே பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அம்மாவுக்கு உலகம்.

இனி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 86-வது மாடிக்கு மட்டும் ஓர் ஆளுக்கு நாற்பது டாலருக்கு மேல் சீட்டு. 102-வது மாடிக்கும் போவதானால் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். முதல் நாள் இரவு தம்பி முன்பதிவு செய்ய உட்கார்ந்தான். நான் மனசுக்குள் ரூபாய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு அவ்வளவு தூரம் தெரியாதே. நீ கீழே காபிக் கடையில் சௌகரியமாக உட்கார்ந்திரு. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து உனக்குச் சொல்கிறேன்" என்றேன்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பத்திரிகைக்காரி. பார்த்ததை விட்டுவிட்டுப் பாக்கியெல்லாம் சொல்லுவாய். நானே வருகிறேன்" என்றாள். தம்பி குனிந்து சிரித்துக்கொண்டே மூன்று சீட்டாகப் பதிவு செய்தான்.

கொஞ்சம் பொறுத்து அம்மாவே காரணமும் சொன்னாள். "சின்ன வயசில் எங்கப்பா என்னை மவுண்ட் ரோடுக்கு அழைத்துப் போய் எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டினார். பதினான்கு மாடி! கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். மேலே போகலாம் அப்பா என்றேன். அதெல்லாம் நம்மை விடமாட்டார்கள் என்று கூட்டி வந்துவிட்டார். அந்த ஆசையை இங்கேயாவது தீர்த்துக்கொள்கிறேன்."

அந்தி நேரத்தில் போனால் சூரியன் மறைவதையும் ஊர் விளக்கேற்றிக்கொள்வதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அம்மாவுக்குத் தடுமாற்றம். ஆகையால் காலையிலேயே போனோம். அதுவும் நல்லதாகப் போயிற்று, கூட்டம் குறைவு. விமான நிலையத்தில் போலவே பையைச் சோதிக்கிறார்கள். பிறகு லிப்ட். ஒரு நிமிஷத்துக்குள் 80-வது மாடி! ஏறும்போது காது அடைத்துக்கொண்டது. "எச்சில் விழுங்கு" என்று எனக்கு யோசனை சொன்னவள் அம்மாதான்.

80-வது மாடியில் ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெண்மணிகள் கவனிக்க வேண்டிய சமாசாரம் இங்கே இருக்கிறது. வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், போட்ட கணக்குக்குள் வீடு முடிகிற வழக்கம் கிடையாது. இந்தக் கட்டடத்துக்கு மனை உள்பட ஐந்து கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். முடிந்தது சுமார் நாலு கோடியே பத்து லட்சத்தில்! அது பெரும் பொருளாதார மந்தக் காலம். சாமான் விலையும் கூலியும் சரிந்து கிடந்ததால் வந்த சிக்கனம் அது. 1930-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி கட்ட ஆரம்பித்து 410 நாளில் முடித்துவிட்டார்கள். 57,000 டன் எஃகு. ஒரு கோடிச் செங்கல். எஃகுக் கூடு வாரத்துக்கு நாலரை மாடி வீதம் ஏறியதாம். வேலை மும்முரமாக நடந்த நாட்களில் 3,400 பேர் உழைத்தார்கள். அவர்கள் சாப்பாட்டுக்காக இறங்கி ஏறி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று மேல் மாடிகளிலேயே சிற்றுண்டிக் கடை வைத்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் அந்தரத்தில் சமையல்! வேலையில் இறந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்குப்படி ஐந்து பேர்.

1931-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி திறப்பு விழா. முன்னாள் கவர்னர் ஆல் ஸ்மித்தின் பேரக் குழந்தைகள் நாடாவை வெட்டினார்கள். ஜனாதிபதி ஹூவர் வாஷிங்டனில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்த, இங்கே விளக்குகள் எரிந்தன. எல்லாம் சரி, வாடகைக்குத்தான் ஆள் வரவில்லை! "எம்ப்டி ஸ்டேட் கட்டடம்", அதாவது காலிக் கட்டடம், என்று ஊரார் கேலி செய்தார்கள். அந்தச் சமயத்தில் கை கொடுத்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம்மைப் போல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். முதல் வருஷத்தில் வாடகைப் பணத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக அவர்கள் கொடுத்த காசே சேர்ந்ததாம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்படியானால் நாம் கொடுத்த காசு வீணில்லை" என்றாள். நேற்று ராத்திரிக் கணக்கை அவள் மறக்கவில்லை என்று தெரிந்தது.

அங்கிருந்து இன்னொரு லிப்டில் 86-வது மாடி. கதவைத் தாண்டினால் திறந்த வெளி! கட்டடத்தைச் சுற்றி நாலு பக்கமும் நடை. இடுப்புக்கு மேல் கம்பி வேலி. தரையிலிருந்து 1,050 அடி. காற்று என்றால் காற்று, அப்படி ஒரு காற்று! அம்மாவின் தலைப்பை இழுத்து ஸ்வெட்டருக்குள் செருகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் உடனே கையில் இருந்த போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தேன். நாலு திசைக்கும் பத்துப் பத்துப் படம்.

"எடுத்தது போதும். என்ன இருக்கிறது, சொல்" என்றாள் அம்மா.

சொல்ல ஆரம்பித்தபோதுதான் எனக்கே ஒரு விஷயம் புரிந்தது. அதுவரை நான் எதையும் பார்க்கவே இல்லை! திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். மேற்கே ஹட்ஸன் நதி. அதற்கு அப்பால் தம்பி இருக்கும் நியூ ஜெர்ஸி. கிழக்கே ஈஸ்ட் நதி, அதன்மேல் பாலங்கள். தெற்கே தொலைவில் தண்ணீருக்கு நடுவே கட்டை விரல் அளவுக்குச் சுதந்திர தேவி சிலை. வடகிழக்கே, மீன் செதில் அடுக்கினாற்போல் பளபளவென்று கிரைஸ்லர் கட்டடம். அதன் ஊசி முனை 1,046 அடி. ஒரு காலத்தில் உலகத்தை ஆண்ட உச்சி, இப்போது நம் காலுக்குச் சரியாக நிற்கிறது.

அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் காட்டிய திசையெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிரைஸ்லர் கட்டடத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அசையவே இல்லை. எனக்குக் கவலையாகிவிட்டது.

"என்னம்மா, தலை சுற்றுகிறதா?"

"இல்லையடி. இது முழுசாகத் தெரிகிறது."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்: "வீட்டில் எதுவும் என் கண்ணுக்குள் அடங்கமாட்டேன் என்கிறது. கதவு என்றால் தாழ்ப்பாள் தெரியும், நிலை தெரியாது. நீ கிட்டே வந்தால் மூக்கு தெரியும், காது தெரியாது. இங்கே இத்தனை பெரிய கட்டடம், அதன் முனை, அதன் தோள், பக்கத்தில் ஆகாயம், எல்லாம் ஒன்றாக அடங்குகிறது. இரண்டு வருஷமாயிற்று நான் எதையாவது முழுசாகப் பார்த்து."

வாசகர்களே, இது கணக்குத்தான். அதிசயம் ஒன்றும் இல்லை. குழல் வழியே பார்க்கிறவனுக்குக் கிட்டே இருக்கும் யானையின் ஒரு கால்தான் தெரியும். யானை அரை மைல் தள்ளி நின்றால் முழு யானையும் தெரியும். பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். கல்லூரியில் படித்த எனக்குத்தான் தோன்றவில்லை. தூரம் என்றால் அம்மாவுக்குத் தெரியாது என்று நானே முடிவு கட்டி, அவளைக் காபிக் கடையில் உட்காரவைக்கப் பார்த்தேனே! அவளுக்குத் தெரியாமல் போனது கிட்டே இருப்பவைதான். கிட்டே இருந்த எனக்கு அது தெரியாமல் போயிற்று.

அப்புறம் நாங்கள் நாலு பக்கமும் இரண்டு சுற்றுச் சுற்றினோம். அம்மா ஒவ்வொன்றாகக் கண்ணில் அடக்கி அடக்கிப் பார்த்தாள். கீழே எறும்பு வரிசைபோல் போகும் மஞ்சள் டாக்ஸிகளை எண்ண முயன்று, தோற்றுப் போனாள்.

102-வது மாடிக்கும் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். அது கண்ணாடி சூழ்ந்த சின்ன வட்ட அறை. ஆகாயக் கப்பலைக் கொண்டுவந்து உச்சியில் கட்டி, அதிலிருந்து பிரயாணிகளை இறக்கலாம் என்ற எண்ணத்தில் அமைந்த ஸ்தூபி அது. அங்கே அடிக்கிற காற்றில் அந்த யோசனை பறந்து போயிற்று. 2019-ல் தரை முதல் கூரை வரை கண்ணாடி வைத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். பணம் இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. காற்றை அனுபவிக்க வேண்டுமென்றால் 86-வது மாடிதான். அக்டோபரில்கூட ஸ்வெட்டர் அவசியம். மேகம் மூடிய நாளில் போகாதீர்கள்.

ஒரு செய்தியை மட்டும் நான் அம்மாவிடம் இறங்கி வந்த பிறகுதான் சொன்னேன். 1945-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி கடும் மூடுபனியில் வழி தவறிய ராணுவ விமானம் ஒன்று இந்தக் கட்டடத்தின் 79-வது மாடியருகே மோதியது. 14 பேர் மாண்டார்கள். லிப்ட் ஓட்டும் பெண் பெட்டி லூ ஆலிவர் அதில் காயம் அடைந்தார். அவரைக் கீழே அனுப்புவதற்காக வேறொரு லிப்டில் ஏற்றினார்கள். அதன் வடங்கள் அறுந்து 75 மாடி உயரம் விழுந்தது! ஆனாலும் பிழைத்தார். அறுந்த வடங்கள் அடியில் சுருண்டு மெத்தைபோல் கிடந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். "ஏறுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்று நினைத்தாயா?" என்று கேட்டாள் அம்மா. நான் பதில் சொல்லவில்லை. அவளைப் பற்றி முடிவு கட்டுவதை விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி தம்பி வீட்டில் ஒரு பழைய கடிதத்தைப் படித்தேன். எழுதியவர் ஹெலன் கெல்லர். கண்ணும் காதும் இல்லாமல் படித்து உலகப் புகழ் பெற்ற அந்த அம்மையார் 1955-ல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். இந்தக் கட்டடம் திறந்து ஓர் ஆண்டு ஆவதற்குள் அவரும் மேலே ஏறியிருக்கிறார். அங்கே என்ன "பார்த்தீர்கள்" என்று டாக்டர் ஜான் ஃபின்லி கேட்டதற்கு 1932 ஜனவரியில் பதில் எழுதினார். கூட வந்தவர்கள் தமக்குத் தெரியாத ஆயிரம் விஷயங்களைக் கண்டிருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார்; ஆனால் அவர்களைப் பார்த்துத் தமக்குப் பொறாமை இல்லை என்கிறார். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த அம்மாளைக் கீழே உட்கார் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது" என்றாள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "உங்களுக்குத்தான் கண் சரியாகத் தெரியாதே, என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அம்மா ஒரு மணி நேரம் சொன்னாள். நான் உள்ளே இருந்தபடியே குறிப்பு எடுத்துக்கொண்டேன். மேலே நீங்கள் படித்ததில் பாதி அதுதான்.

உங்கள் வீட்டிலும் நாற்பது வயது தாண்டியவர்கள் இருப்பார்கள். நிலைப்படியில் இடித்துக்கொண்டால் என்னைப் போல் அதட்டாதீர்கள். கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

மணி ஒன்பது அடிக்கிறது. அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். மற்றவை அடுத்த வாரம்.