இன்டெலா, ஏ.எம்.டி.யா? ஆலை யாருடையது என்று கேளுங்கள்

கணினி வாங்குபவர்களிடையே தீராத சண்டை ஒன்று உண்டு. இன்டெல் நல்லதா, ஏ.எம்.டி. நல்லதா? என்னைக் கேட்டால், இந்தக் கேள்வியே பழசாகிவிட்டது. இன்று போட்டியைத் தீர்மானிப்பது சில்லை வடிவமைப்பவர் அல்ல, அதைத் தயாரித்துக் கொடுப்பவர்.

கொஞ்சம் பின்னால் போவோம். 2009-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. கணினி நிறுவனங்களுக்குச் சலுகை கொடுத்து ஏ.எம்.டி.யை ஓரங்கட்டியதாக, ஐரோப்பிய ஆணையம் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே வருடம் ஏ.எம்.டி. தன் தொழிற்சாலைகளைப் பிரித்து குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாக்கியது. அபராத வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2022-ல் அந்த அபராதம் ரத்தானது. (வழக்கின் வேறொரு பகுதிக்காக 2023-ல் சிறிய அபராதம் போட்டார்கள், அது தனிக்கதை.) சந்தையை மாற்றியது சட்டமல்ல, இரண்டாவது விஷயம்தான்.

எப்படி என்கிறீர்களா? டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக, அதே இடத்தில் அதிகம் அடங்கும். மின்சாரமும் குறைவாகச் செலவாகும். எவ்வளவு நன்றாக வடிவமைத்தாலும், பழைய ஆலையில் தயாரித்தால் தோல்விதான். ஆனால் புதிய ஆலை கட்டுவது விளையாட்டல்ல. 2021-ல் அரிசோனாவில் இரண்டு ஆலைகளுக்கு இன்டெல் அறிவித்த முதலீடு 2000 கோடி டாலர்!

எங்கள் பி.காம். பாடத்தில் இதை நிலையான செலவு என்போம். எவ்வளவு அதிகம் தயாரிக்கிறோமோ, ஒரு சில்லின் தலையில் விழும் பாரம் அவ்வளவு குறையும். 1987-ல் மோரிஸ் சாங் தைவானில் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. பிடித்துக்கொண்டது இந்தக் கணக்கைத்தான். சொந்தப் பெயரில் செயலி விற்காது. மற்றவர்களின் வடிவமைப்பை வாங்கித் தயாரித்துக் கொடுக்கும். கைபேசிகள் பெருகியபோது ஆர்டர்கள் அங்கே குவிந்தன. ஆலைகளின் செலவைப் பங்குபோட ஊர்ப்பட்ட வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள்.

இன்டெலோ பெரும்பாலும் தன் சில்லுகளுக்காகவே ஆலை நடத்தியது. 10 நானோமீட்டர் நுட்பத்தில் வருடக்கணக்கில் சிக்கி, 2019-ல்தான் அதைப் பெருமளவில் கொண்டுவந்தது. அதே வருடம் ஏ.எம்.டி., டி.எஸ்.எம்.சி.யின் 7 நானோமீட்டரில் மூன்றாம் தலைமுறை ரைசனை இறக்கியது. 2020-ல் ஆப்பிள் இன்டெலை விட்டு விலகத் தொடங்கி, அதே நிறுவனத்தின் 5 நானோமீட்டரில் எம்1 சில்லைக் கொண்டுவந்தது. 2024-ல் இன்டெலே தன் லூனார் லேக் செயலியின் முக்கியப் பகுதியை டி.எஸ்.எம்.சி.யிடம் கொடுத்துத் தயாரித்தது!

இதனால் நமக்கு லாபம் கிடைத்தது உண்மை. 2017 தொடக்கத்தில் சாதாரண மேசைக்கணினிக்கான இன்டெலின் ஐ7 செயலியில் நான்கு கோர்கள்தான். 2019 முடிவதற்குள் ஏ.எம்.டி. பதினாறு கோர்களைக் கொடுத்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வாசலில் மூன்று ஓட்டல் போர்டுகள், பின்னால் மாவு அரைப்பது ஒரே கிரைண்டர். அந்த ஒருவர் விலையை ஏற்றினால் மூவருக்கும் ஏறும். 2024 ஏப்ரலில் தைவானில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, டி.எஸ்.எம்.சி. சில ஆலைகளிலிருந்து ஊழியர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. உற்பத்தி சீக்கிரமே மீண்டது. ஒருவேளை மீளாமல் போயிருந்தால்? முற்றுரிமை ஒழியவில்லை நண்பர்களே, ஒரு மாடி கீழே இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

தீர்வு என்ன? இரண்டாவது ஆலை வேண்டும். தென்கொரியாவின் சாம்சங் முயல்கிறது. இன்டெல் 2025-ல் அரிசோனாவில் 18ஏ என்ற புதிய நுட்பத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. அதே வருடம் அமெரிக்க அரசு இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அரசுப் பணம் ஆலை கட்ட உதவலாம், ஆனால் அதை ஓட வைப்பது ஆர்டர்கள்தான். ஏ.எம்.டி.யும் ஆப்பிளும் கொஞ்சம் விலை அதிகமானாலும் ஒரு பகுதி ஆர்டரை வேறு ஆலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரே மொத்த வியாபாரியை நம்பி மளிகைக்கடை நடத்துபவர் எத்தனை நாள் நிம்மதியாக இருக்க முடியும்?

ஆகவே, ஏ.எம்.டி. ரசிகர்களே, இன்டெல் சறுக்கும்போது கைதட்டாதீர்கள். அதன் ஆலைகள் மூடினால், உங்கள் அடுத்த ரைசனின் விலையைப் பேரம் பேச ஆளிருக்காது.