கைக்கடிகார வீரர்கள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவன் ஒருவன் 400 மீற்றரை விரைந்து ஓடிவிட்டால் போதும். "அடுத்த சுகத் திலகரத்ன" என்பார் ஒருவர். "கடிகாரத்தைப் பிந்தித்தான் அமத்தியிருப்பினம்" என்பார் மற்றவர். இரு சாராரும் வெறும் வாயை மெல்லுகிறார்கள் என்பேன்.

சுகத் 1998இல் ஓடிய 44.61 செக்கன் கால் நூற்றாண்டு கடந்து நின்ற இலங்கைச் சாதனை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் முதற்சுற்றில் அருண தர்ஷன 44.99 ஓடினார். அரையிறுதியில் கோடு மிதித்துத் தகுதி இழந்தார். ஆயினும் அந்த 44.99ஐ எவரும் ஐயுறவில்லை. அளந்தது இலத்திரனியல் கருவி.

நம் பிள்ளைகளுக்கு வாய்த்தது புற்றரையும் சுண்ணாம்புக் கோடும். மைதானம் சிறிதென்றால் 200 மீற்றர்ச் சுவட்டில் இரு சுற்று. வளைவுகள் இரண்டல்ல, நான்கு. வெடியோசை கேட்டு விரல் அசைவதற்குள் கழியும் நேரத்திற்காக, கையால் எடுத்த 400 மீற்றர் நேரத்துடன் 0.14 செக்கன் கூட்டி ஒப்பிடுவது வழக்கம். சரி, கூட்டுவோம். புல்லும் நான்கு வளைவுகளும் அவனிடம் பறித்ததை எந்தச் சூத்திரத்தால் கழிப்பது?

1958இல் டோக்கியோவில் ஆசியத் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தை மேடைதோறும் புகழ்கிறோம். உயரம் பாய்தலை அளவுகோலால் அளந்துவிடலாம். ஓட்டத்துக்கு அது போதாது.

புலம்பெயர்ந்த பழைய மாணவரே, விழா மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். இலத்திரனியல் நேரக்கருவி ஒன்றை வாங்கிப் பாடசாலைகள் பகிர்ந்துகொள்ளட்டும். பிறகு அந்தப் பையன் ஓடியது 48ஆ 50ஆ என்று சண்டை பிடிப்போம், நானும் வருகிறேன்.