‘வாருங்கள்’ என்று சொன்னால் போதுமா?

தமிழ் விக்கிப்பீடியா என்று ஒரு கலைக்களஞ்சியம் இணையத்தில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடக் கட்டுரைக்காகச் செல்போனில் தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் அதை எழுதுவது சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள் அல்ல, நம்மைப் போன்றவர்கள்தான், நாமும் எழுதலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

2003-ம் ஆண்டு அது தொடங்கியது. ஆரம்ப நாட்களில் அதைத் தூக்கி நிறுத்தியவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். கட்டடக் கலைஞர். பிழைப்புக்காக வளைகுடா நாட்டில் இருந்தவர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. சொந்த ஊரை விட்டு வெளியே இருந்த ஒருவர்தான் இந்த வீட்டுக்குக் கடைக்கால் போட்டார் என்பதை, மராட்டியத்தில் இருக்கும் நாம் கவனிக்க வேண்டும்.

இன்று கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. சந்தோஷம். ஆனால் மாதாமாதம் விடாமல் எழுதுகிறவர்கள் சில நூறு பேருக்குள் அடங்கிவிடுவார்கள். இத்தனை கோடித் தமிழர்களில் இவ்வளவு பேர்தானா? புதிதாக யாரும் வருவதில்லையா? வருகிறார்கள். வந்த வழியே போய்விடுகிறார்கள். அதுதான் வருத்தம்.

அது எப்படி நடக்கிறது? தாராவியில் இருக்கும் நம்மவர் ஒருவர், தம் ஊர்க் கோவில் தேரோட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை அப்படியே தட்டச்சு செய்து போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒரு மணி வரை கண் விழித்திருக்கிறார். பெயரைப் பதிந்ததுமே ‘வாருங்கள்’ என்று ஒரு வரவேற்பு வாசகம் வந்திருக்கிறது. மனம் குளிர்கிறது. காலையில் பார்த்தால் கட்டுரையைக் காணோம்! பதிப்புரிமை மீறல், நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. பதிப்புரிமை என்றால் என்ன, அடுத்தவர் எழுதியதை வரிக்கு வரி ஏன் எடுக்கக்கூடாது, அதே செய்தியைச் சொந்த நடையில் எழுதி அந்தப் பத்திரிகையைச் சான்றாகக் காட்டினால் போதும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மறுபடி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாரா?

நீக்கியவர் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. அவரும் ஆபீஸ் விட்டு வந்து கூலியில்லாமல் காவல் காக்கிறவர். கெட்ட வார்த்தை எழுதுகிறவர்கள், கடை விளம்பரம் போடுகிறவர்கள், கட்சித் தலைவரைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் மாற்றுகிறவர்கள் என்று அன்றாடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். நூறு பேரை விரட்டும் கைக்கு, நூற்றியோராவது ஆள் அறியாமல் தவறியவர் என்று தெரிவதில்லை. ஆனாலும் அவருக்காக இரண்டு வரி எழுத இரண்டு நிமிடம் பிடிக்குமா?

ஆங்கில விக்கிப்பீடியா பெரிய வீடு. அங்கேயும் இதே கதைதான். தொடர்ந்து எழுதுகிறவர்கள் 2007-ல் 50 ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். பிறகு தொகை இறங்கத் தொடங்கியது. ஏன் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் அலசி 2013-ல் வெளியிட்டார்கள். நல்ல எண்ணத்தோடு வரும் புதியவர்களின் எழுத்தையும் சட்டென்று தள்ளிவிடுவதும், அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்ததும் முக்கியக் காரணங்கள் என்று கண்டார்கள். 2012-லேயே அங்கே புதியவர்கள் கேள்வி கேட்பதற்கென்று ஒரு தனிப் பக்கம் திறந்துவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் தேநீர் விடுதி! டீக்கடை பெஞ்சின் அருமை அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் பொதுமன்றத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். எழுதிப் பழகும் இடம் ‘மணல்தொட்டி’. மணலில் ‘அ’ எழுதி அழித்துப் பழகிய பரம்பரை வைத்த பெயர். உதவி கேட்க ‘ஒத்தாசைப் பக்கம்’ இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் இருப்பது புதியவருக்குத் தெரிய வேண்டுமே!

இந்த விஷயத்தில் பம்பாய்த் தமிழனுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நெல்லைச் சீமையிலிருந்து தகரப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கிய பையனை நம் பெரியவர்கள் எப்படி நடத்தினார்கள்? ‘நல்வரவு’ என்று போர்டு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார்கள். ரூமுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார்கள். ஸ்லோ வண்டி எது, ஃபாஸ்ட் வண்டி எது, எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று கூடவே ஒரு வாரம் வந்து காட்டினார்கள். தவறான வண்டியில் ஏறிய பையனை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடவில்லை.

அங்கேயும் அதைத்தான் செய்ய வேண்டும். குறையுள்ள கட்டுரையை உடனே அழிக்காமல், எழுதியவரின் மணல்தொட்டிக்கு நகர்த்தி, ‘இந்த இரண்டையும் திருத்துங்கள், நான் பார்க்கிறேன்’ என்று ஒருவர் தம் பெயரில் எழுதலாம். நகல் எடுத்ததை வைத்திருக்க முடியாது, அதை நீக்கத்தான் வேண்டும். காரணத்தை நல்ல தமிழில் சொல்லலாமே! முதல் நாளே முழுக் கட்டுரை எழுதச் சொல்லாமல், ஒற்றுப்பிழை திருத்துவது, ஊர்ப் பக்கத்துக்கு ஒரு படம் சேர்ப்பது என்று சின்ன வேலை கொடுக்கலாம்.

புதிதாகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்மைப் பற்றியோ, தம் முதலாளியைப் பற்றியோ எழுதத் தொடங்காதீர்கள். தாத்தா சொன்ன கதை எவ்வளவு உண்மையானாலும், வெளியான நம்பகமான சான்று இல்லாவிட்டால் அங்கே நிற்காது. ஒருவர் திருத்தினால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே யார் எழுத்தை யாரும் திருத்தலாம்.

தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியில் வேரூன்றியவர்கள், மாட்டுங்காவின் கோவில்கள், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் பற்றியெல்லாம் நாம் எழுதாமல் யார் எழுதுவார்கள்? இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் இடம் கொடுத்தால் போதும். பழகியவர் ஒருவர், புதியவர் நான்கு பேர், ஆளுக்கொரு செல்போன். முதல் அரை மணி நேரம் தமிழ்த் தட்டச்சுக்கே போய்விடும். போகட்டும்.