அக்கரைச் சம்பளமும் இக்கரைச் சேமநிதியும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உழைக்கும் நம் சகோதரர்களில் சிலர், பிழைப்பை நாடி வளைகுடா தேசங்களுக்குச் செல்கின்றனர். அதனை நாம் குறை கூறவில்லை. பயணச் செலவுக்காக முதுமைக்கென்று சேர்ந்த பொருளைக் கலைத்துவிட்டுப் போவதே நமக்குக் கவலை தருகிறது.

1952-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவிகிதம் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அவ்வளவே செலுத்துகிறார். அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்திற்குச் சேருகிறது. 5 வருஷ சேவை நிறையுமுன் இந்நிதியை எடுத்தால், நோய், ஆலை மூடப்படுதல் போன்ற காரணங்கள் நீங்கலாக, அது வரிக்கு உட்பட்டதாகும். தொகை 50,000 ரூபாயை எட்டினால் 10 சதவிகிதம் முன்கூட்டியே பிடிக்கப்படும். பான் எண் கொடாதவருக்கோ 20 சதவிகிதம். வரி கட்டுமளவு வருமானமில்லாத ஏழை கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் கடல் கடந்து சென்றவன் அதை எங்கே நினைக்கப் போகிறான்?

மூன்று ஆலைகளில் இரண்டிரண்டு வருஷம் வேலை செய்த ஒருவனை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்குகளைப் புதியதில் சேர்த்திருந்தால் அவனுக்கு 6 வருஷ சேவை உண்டு, வரியில்லை. சேர்க்காவிடில் தண்டமே. ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு சென்றால், திரும்பி வந்து இன்னும் 4 வருஷம் உழைத்தபின் 10 வருஷம் பூர்த்தியாகும். 58-ஆம் வயதில் மாதந்தோறும் ஓய்வூதியம் கிடைக்கும். வேலையை விட்டதுமே வட்டி நின்றுபோகும் என்ற அச்சமும் வேண்டாம். 2016-இல் விதி திருத்தப்பட்டுவிட்டது. நிரந்தரமாக அயல்நாட்டில் குடியேறுவோர் மட்டும் 36 மாதத்திற்குள் தொகையைக் கோரவேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்திற்கு வருமான வரி இல்லை என்பது மெய்யே. ஆனால் அங்கே அந்நியத் தொழிலாளிக்கு அரசாங்க ஓய்வூதியமும் இல்லை. முதல் 5 வருஷங்களுக்கு வருஷத்திற்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு, அவ்வளவே. ஜெர்மனி, ஜப்பான், பெல்ஜியம் முதலிய தேசங்களுடன் நம் சர்க்கார் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்திருக்கிறது. கூலிக்காரர் மிகுதியாகச் செல்லும் வளைகுடா தேசங்களின் விஷயத்தில் மட்டும் ஏன் இந்த அசிரத்தை?

பதிவுபெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாய்க்கும் அதன்மேல் வரிக்கும் அதிகமாகக் கட்டணம் வாங்கலாகாது என்பது விதி. அதற்குமேல் கேட்பவனுக்குக் கொடுப்பதற்காக நிதியைக் கரைப்பது, விதைநெல்லை விற்று விருந்து வைப்பதையொக்கும்.

தொழிற்சங்கங்களும் ஆலை முதலாளிகளும் விடைபெறும் ஒவ்வொருவருக்கும் இவ்விஷயங்களைத் தமிழிலும் உருதுவிலும் எடுத்துரைக்க வேண்டும். வைப்பு நிதி அதிகாரிகள் ஆம்பூருக்கே மாதம் ஒருமுறை வந்து கணக்குகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் கைவெந்து சேர்த்த பணம், அறியாமையினால் அழியலாகாது.