லிஃப்ட்டில் ஏற மறுத்த மணி

மே மாதக் கடைசியில் ஓ.எம்.ஆர் பக்கம் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பைக் கடந்தாலும் வாசலில் ஒரு லாரி நிற்கும். கட்டில், பீரோ, கிரைண்டர், துணிமூட்டை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும் என்ற அவசரம். பெரியவர்கள் ஏசி மாட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் ‘லீவு முடியப்போகுது, எங்கயுமே கூட்டிட்டுப் போகலை’ என்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஒரு நாய் இருந்தால், அதைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

சோழிங்கநல்லூரில் ஏழாவது மாடிக்குக் குடிவந்த ஒரு குடும்பத்திலும் அப்படித்தான். கணவன், மனைவி, ஆறாம் வகுப்புக்குப் போகும் மகன், கணவரின் அம்மா, ஒன்பது வயது நாட்டு நாய் மணி. ‘எங்க பேரெல்லாம் போட வேண்டாம்’ என்று கேட்டுக்கொண்டார்கள். மணி தரப்பில் ஆட்சேபணை எதுவும் இல்லை.

மதுராந்தகத்தில் அவர்களுக்குத் திண்ணை வைத்த வீடு. மணியைக் கட்டிப்போட்டதே கிடையாது. காலையில் டீக்கடை, மதியம் திண்ணை நிழல், ராத்திரி தெருக்காவல் என்று அதற்கென்று ஒரு வேலைத்திட்டம் இருந்தது. இங்கே வந்த முதல் நாள், லிஃப்ட் கதவு திறந்ததும் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. படியில் ஏற்றிப் பார்த்தார்கள். வயதான நாய்க்கு ஏழு மாடி ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், பின்னங்கால் நடுங்கியது. மூன்றாம் நாள் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

ஆயாவும் அந்த மூன்று நாளாகக் கீழே இறங்கவில்லை. வேளைக்குச் சாப்பிட்டதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. “பெட்டிக்குள்ள நிக்கவெச்சு மேல இழுக்குறாங்க, எனக்கு மயக்கம் வருது” என்று பேரனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு: நாய்களை லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது. கீழே பதினேழு ‘கட்டைவிரல்’. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் முடிவே எடுத்துவிட்டார்கள். பழைய தெருவின் டீக்கடைக்காரர் மணியைப் பார்த்துக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டுவிடலாம். பையன் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

முடிவை நிறுத்திவைத்தது மருமகள்தான். அறிவிப்பைப் படித்துவிட்டுச் சும்மா இருக்காமல் விதியைத் தேடியிருக்கிறார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றோ, அதற்குத் தனிக்கட்டணம் என்றோ சொல்ல முடியாது. அதே வழிகாட்டுதல் நாய் வளர்ப்பவருக்கும் பொறுப்பு வைக்கிறது. தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பொது இடத்தில் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், அசுத்தம் செய்தால் அள்ள வேண்டும். நம் ஊரில் நாய் வளர்ப்பவர்கள் முதல் பாதியை உரக்கப் படித்துவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். குழுக்களில் சண்டை பெரிதாவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அவர் குழுவில் வாதாடவில்லை. முதலில் மாநகராட்சி உரிமம் வாங்கினார். சென்னையில் இது கட்டாயம். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழோடு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 50 ரூபாய். உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். பிறகு உரிமத்தின் படத்தையும் வாரியத்தின் கடிதத்தையும் சங்கச் செயலாளருக்குத் தனியாக அனுப்பி, “கூட்டமான நேரத்துல ஏத்த மாட்டோம் சார், யாராவது பயந்தா அடுத்த லிஃப்ட்டுல வர்றோம்” என்று எழுதினார். பதில் வரவில்லை. ஆனால், அறிவிப்பு மறுபடி போடப்படவும் இல்லை.

லிஃப்ட்டுக்குப் பையன் ஆசிரியரானான். முதல் நாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே வைத்த அவித்த முட்டையைத் தின்றுவிட்டு மணி வெளியே வந்தால் போதும். மறுநாள் கதவை மூடித் திறப்பது. அதற்கடுத்து ஒரே ஒரு மாடி. இழுக்கக் கூடாது, அதட்டக் கூடாது. மதுராந்தகத்தில் மணி படுத்திருந்த கோணிச்சாக்கைத் துவைக்காமல் பால்கனியில் போட்டதும் அவன் யோசனைதான். பழைய வாசனை இருந்தால் நாய்க்குப் புது இடம் சீக்கிரம் பிடிபடும். அம்மாவுக்கு அந்தச் சாக்கைப் பார்க்கவே சகிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் நாள் முதல் பயணம். கணவரின் நண்பர் குடும்பமும் அவர்களுடைய லாப்ரடாரும் சேர்ந்துகொள்ள, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டிய மணல். கோவளத்தின் நீலக்கொடிக் கடற்கரையைத் தவிர்த்தார்கள். அந்தச் சான்றிதழுக்கு நாய்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வீட்டிலிருந்து இன்னும் பக்கம் என்று பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் யாரோ சொன்னார்கள். பறவைகள் இருக்கும் இடத்துக்கு நாயைக் கூட்டிப்போவது நல்ல காரியம் இல்லை என்று நண்பர் தடுத்துவிட்டார்.

காலை ஐந்து மணிக்கே கிளம்பினார்கள். மே மாதக் கடைசியில் சென்னையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். அக்னி நட்சத்திரம் 28-ம் தேதி வாக்கில் முடிந்தாலும் வெயில் காலண்டரைப் பார்த்து இறங்குவதில்லை. எட்டு மணிக்குமேல் தார்ச்சாலையில் நாயை நடக்கவிடுவது அதன் பாதத்தைத் தோசைக்கல்லில் வைப்பதுபோல. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. நமக்கு வியர்ப்பதுபோல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். லாப்ரடார் மாதிரி அடர்ந்த முடி உள்ள நாய்க்கு அது இன்னும் சிரமம். அதனால் அந்த லாப்ரடாருக்கென்றே இரண்டு பாட்டில் தண்ணீர் போனது. கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும்.

புளியோதரையும் மெதுவடையும் கட்டிக்கொண்டு போனார்கள். வடையில் வெங்காயம் இருந்ததால் ஆயா பாத்திரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார். வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம் என்று பேரன் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆம், ஆயாவும் வந்திருந்தார். “மணி ஏறுது, உனக்கென்ன ஆயா?” என்று பேரன் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. லிஃப்ட்டுக்குள் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் மணியின் கழுத்துப்பட்டையையும் பிடித்துக்கொண்டே இறங்கினாராம். அன்றிரவு மணி தட்டை நக்கிக் காலி செய்தது.

இரண்டாவது பயணம் மதுராந்தகம். மிச்சம் இருந்த அம்மியையும் தையல் மிஷினையும் எடுத்துவர வேண்டியிருந்தது. காரிலிருந்து இறங்கிய மணி நேராக டீக்கடைக்கு ஓடியது. கடைக்காரர் ஒரு பொறை பிஸ்கட்டைப் போட்டார். பிறகு பழைய வீட்டுத் திண்ணையில் ஏறிப் படுத்துக்கொண்டது. உள்ளே வேறு குடும்பம். அவர்கள் விரட்டவில்லை. இரண்டு மணிநேரம் கூப்பிட்டும் அது இறங்கவில்லை. ‘இங்கயே இருக்கட்டுமே’ என்ற பேச்சு மறுபடி எழுந்தது. டீக்கடைக்காரரும் தலையாட்டினார்.

ஆயா திண்ணையில் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தார். அத்தை அழுகிறாரோ என்று மருமகள் எட்டிப் பார்த்தார். இல்லை, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு எழுந்து, “வாடா, அந்தப் பெட்டியில நான் தனியா ஏற மாட்டேன்” என்றார். மணி உடனே வந்துவிடவில்லை. கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி, பையன் முன்னால் நடக்க, நாலு தடவை திரும்பிப் பார்த்துத்தான் காரில் ஏறியது.

பள்ளி திறந்தாயிற்று. காலை நடை அப்பாவுடையது, மாலை நடை ஆயாவுடையது. ஆறரைக்கு இருவரும் இறங்குகிறார்கள். நாலாவது மாடியில் ஒரு அம்மா இன்னமும் மணியைக் கண்டால் லிஃப்ட்டில் ஏறுவதில்லை. கதவு மூடுமுன் ஆயா அவரிடம் “நீங்க அடுத்ததுல வாங்கம்மா” என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்.